சான்றுச் சீட்டா, ஏலமா, நேரடி விற்பனையா? முத்தியால்பேட்டைப் பெட்டியில் கிடைத்த நான்கு நாணயங்கள்

பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைப் பிரித்தபோது கிடைத்த நான்கு நாணயங்களை, அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு முத்தியால்பேட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒருவர் நான்குக்கும் சேர்த்து வெள்ளி விலையைவிடச் சற்றே கூடுதலாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். கைபேசியில் வந்த ஒரு காணொளியோ அதே போன்ற ரூபாய் லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லியிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது, அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்கினால் விலை ஏறுமா, அல்லது ஏலத்துக்குக் கொடுத்துவிடலாமா என்பதே அண்ணனின் கேள்வி. இதே கேள்வியோடு கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில் பழைய நாணயங்கள் கிடக்கின்றன என்பதால், நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் டப்பாவில் இருந்தவை. ஒன்று, விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862 ஆம் ஆண்டு ரூபாய். இரண்டாவது, சைகோனில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த 1895 ஆம் ஆண்டு பியாஸ்தர், அதாவது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவின் வெள்ளி நாணயம். மூன்றாவது, லாகூர் நாணய ஆலையில் அச்சான 1944 ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய். நான்காவது, ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்தும் கொண்ட செம்புத் துட்டு. நம் 'துட்டு' என்ற சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஏடுகளில் 'தூதூ' என்று எழுதிவைத்தார்கள். காசும் பணமும் அவர்கள் வாயில் 'காஷ்', 'ஃபனோன்' ஆனதைப் போலத்தான் இதுவும்.

அச்சு வேறுபாடு என்றால் என்ன என்பதில் தெளிவு இல்லாவிட்டால் மேலே பேசுவதில் பயனில்லை. நாணயம் அடிக்கும் எஃகு அச்சிலேயே இருக்கும் வேறுபாடு, அந்த அச்சு அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அப்படியே வரும். அதுவே சேகரிப்போர் 'டை வெரைட்டி' என்று சொல்வது. அடிக்கும் நொடியில் தகடு நகர்ந்ததாலோ அச்சு தளர்ந்திருந்ததாலோ ஒரே ஒரு நாணயத்தில் நேரும் பிழை வேறு கணக்கில் சேரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் காணொளிகளில் பாதி ஓடுகின்றன. உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் 1955 ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட்டில் எழுத்துகளும் ஆண்டெண்ணும் இரட்டையாகத் தெரிவதற்குக் காரணம், தாய் அச்சிலிருந்து வேலை அச்சை, அதாவது நாணயம் அடிக்கும் அச்சை, பதிக்கும்போது ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் அது சற்றே திரும்பிவிட்டதுதான். அதனால் இரண்டாவது கோடும் முதல் கோட்டைப் போலவே திரட்சியோடு உருண்டு எழுந்திருக்கும். அச்சு தளர்ந்ததால் வரும் இரட்டிப்பிலோ எழுத்தின் ஓரம் நசுங்கி, படிக்கட்டுபோலத் தட்டையாக இருக்கும். அதற்குச் சேகரிப்பாளரிடம் பெரும்பாலும் கூடுதல் விலை இல்லை. பத்து மடங்கு உருப்பெருக்கும் ஒரு லூப்பும் பக்கவாட்டில் சாய்த்து வைத்த மேசை விளக்கும் இருந்தால் இந்த வேறுபாட்டை யாரும் பார்த்துவிடலாம்.

1862 ரூபாயின் கதை இன்னும் சுவையானது. அந்த நாணயத்தில் 1862 என்ற ஆண்டெண் 1874 வரை மாற்றப்படாமலேயே பொறிக்கப்பட்டு வந்தது. மும்பை ஆலையில் மட்டும் பின்பக்கத்து எழுத்துகளுக்கு மேலும் கீழும் மிகச் சிறிய புள்ளிகளைச் சேர்த்தார்கள். உண்மையில் அடித்த ஆண்டைக் குறிக்கவே அவை என்று நாணயவியலார் கொள்கிறார்கள். முன்பக்க உருவத்தின் வகைக்கு ஓர் எழுத்து, பின்பக்கத்தின் வகைக்கு ஒரு ரோமன் எண், பிறகு மேலே எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி என்று சேர்த்து ஒரு வகைக் குறியீடு எழுதுவது வழக்கம். இதற்கு முந்தைய 1840 ஆம் ஆண்டு ரூபாயில் இதே வேலையை மாலையிலுள்ள காய்கள் செய்கின்றன. 19 காய், 28 காய், 35 காய் என்று எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். நாணயவியலார் பிரிட்மோர் தொடங்கிவைத்த இந்த வகைப்பாட்டை, அவருக்குப் பின் ஸ்டீவன்ஸும் வெயரும் 2012 இல் வெளியிட்ட நூல் மிகவும் விரித்தது. ஆகவே 1862 ரூபாயில் சாதாரணமானதற்கும் அரிதானதற்கும் உள்ள தூரம் சில புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகள் கடுகில் கால் பங்கு கூட இல்லாத அளவு.

அண்ணன் கொண்டுவந்த ரூபாயில் கீழே இரண்டு புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மழுங்கல் மேடு மட்டும் இருந்தது. அது தேய்ந்துபோன புள்ளியா, அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டதால் சரியாக எழும்பாத புள்ளியா, அல்லது எங்கோ இடித்துக்கொண்ட வடுவா? விளக்கை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தும் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. அரிய வகைகளில் ஏமாற்று வேலையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. கூரிய ஊசியால் சுற்றியுள்ள உலோகத்தை ஒதுக்கிப் புள்ளியைப் 'பிறக்க' வைப்பதும், இருக்கும் புள்ளியை இழைத்து எடுப்பதும் கடினமான வேலை அல்ல. அப்படிச் செய்த புள்ளியைச் சுற்றி வளையமாகக் கீறல் தெரியும். அச்சிலிருந்து வந்த புள்ளியானால், களத்தின், அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்தின், மெருகு அதன் அடிவாரத்தில் முறியாமல் ஏறிச் செல்லும்.

இனி வழிகளுக்கு வருவோம். அண்ணன் மனத்தில் முதலில் இருந்தது வெளிநாட்டு நிறுவனங்களின் உறை, அதாவது 'ஸ்லாப்'. 1986 இல் பணி தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987 இல் வந்த என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் நாணயம் உண்மையானதா என்று பார்த்து, ஷெல்டன் என்ற நாணயவியலார் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் இட்டு, எண்ணுள்ள சீட்டோடு கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம், ஒரே நாணயம் எந்தெந்தத் தரத்தில் எத்தனை அவர்களிடம் வந்திருக்கிறது என்ற கணக்கையும் பார்க்கலாம். முகம் தெரியாத இருவருக்கு இடையில் விற்பனை நடக்கும்போது இதைப் போன்ற உதவி வேறு இல்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டு முதன்மையாகச் சொல்வது உண்மைத்தன்மையையும் தரத்தையும்தான். அச்சு வகையைப் பெரும்பாலும் தனியாகக் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், அவர்கள் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில் அந்த வகை இருக்கவும் வேண்டும். அமெரிக்க வெள்ளி நாணயமான மோர்கன் டாலரின் அச்சு வகைகளுக்கு இருக்கும் பாதை இந்திய ரூபாயின் புள்ளிகளுக்கும் அதே அகலத்தில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பணத்தைக் கட்டக் கூடாது.

இதை நான் என் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த 1944 லாகூர் ரூபாய் ஒன்றை ஓர் இடைத்தரகர் மூலம் தரமிட அனுப்பினேன். லாகூர் ஆலையின் அடையாளமான 'எல்' எழுத்து அந்த ஆண்டு ரூபாயில் சிறியதும் பெரியதுமாக இரண்டு அளவில் வருகிறது. நான் அனுப்பியதே அந்த அளவுக்காகத்தான். நாணயம் அழகான உறையில் திரும்பி வந்தது; சீட்டில் ஆண்டும் 'எல்'லும் தரமும் இருந்தன, எழுத்தின் அளவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வகை குறிக்கும் சேவைக்கான கட்டத்தை இடைத்தரகர் நிரப்பவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அனுப்பும் செலவு, தரமிடும் கட்டணம், காப்பீடு, திரும்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, அந்த ரூபாய்க்கு நான் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு உறைக்கே போயிருந்தது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: உறையில்லாத நாணயத்தின் விலை 1,500, உறைக்கு ஆகும் மொத்தச் செலவு 6,000 என்றால், உறைக்குப் பிறகு 7,500க்கு விற்றாலும் கையில் நிற்பது பழைய 1,500 மட்டுமே. அலைச்சலுக்கு விலை போடுவதில்லை என்று எடுத்துக்கொண்டாலும்கூட.

ஆனால் 1862 ரூபாயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கையே போட வேண்டியதில்லை. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். அதை ஒரு தனிமனிதர் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. 'விற்பதற்கு அனுப்பவில்லை, சான்று வாங்கத்தான் அனுப்புகிறேன், திரும்பி வந்துவிடும்' என்ற வாதமும் நிற்காது. இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதையே அந்தச் சட்டம் ஏற்றுமதி என்கிறது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கூரியரில் 'பழைய பதக்கம்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பெட்டியின் மேல் இருப்பது அனுப்பியவர் பெயர், ஆலோசகர் பெயர் அல்ல. இந்த நூறாண்டுக் கோடு ஒவ்வோர் ஆண்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1925 இல் அடித்த பியாஸ்தர் 2025 இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. பெரிய பியாஸ்தர்களில் கடைசியான 1928க்கு 2028 வரை நேரம் உண்டு. ஆக, நான்கில் கடல் தாண்ட உரிமையுள்ளது 1944 ரூபாய் ஒன்றுதான். செலவைத் தாங்காததும் அதுவேதான்.

அடுத்த வழி, உள்நாட்டிலேயே கருத்துப் பெறுவது. இந்தியாவில் நாணயம் பார்த்துச் சீட்டும் உறையும் தருபவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சீட்டின் மதிப்பு, வாங்குபவர் அதை எவ்வளவு நம்புகிறார் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் கட்டணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்வேன்: வகையை எந்த நூலின் எந்த எண்ணைக்கொண்டு குறிப்பார்கள், பின்னால் நாணயம் போலி என்று தெரியவந்தால் பொறுப்பு யாருடையது, சீட்டில் நாணயத்தின் படம் இருக்குமா. மூன்றாவதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். படமில்லாத சீட்டு எந்த நாணயத்துக்கும் பொருந்தும். அருங்காட்சியகத்துக்குப் போனால் விலையும் சான்றும் கிடைக்கும் என்று நம்பி வருபவர்கள் உண்டு. விலை சொல்வது அருங்காட்சியகத்தின் வேலை அல்ல. ஆனால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் உண்மையான நாணயத்தைக் கண்ணாடிக்குப் பின்னாலாவது நின்று நிதானமாகப் பார்த்துப் பழகிய கண், போலியைப் பார்த்ததும் நெருடலை உணரும்.

உண்மைத்தன்மைதான் கேள்வி என்றால் அதில் பாதியை வீட்டிலேயே முடித்துவிடலாம். பியாஸ்தரைத்தான் அப்படிப் பார்த்தோம். 1895 ஆம் ஆண்டில் இரண்டு விதமான பியாஸ்தர் அடிக்கப்பட்டது, முதலில் 27.215 கிராம், பிறகு 27 கிராம். போட்டிக்கு இருந்த மெக்சிகோ டாலர் 27.07 கிராம்தான் என்பதால் எடை கூடிய பியாஸ்தரை வணிகர்கள் பதுக்கவும் உருக்கவும் தொடங்கினார்கள். எடையைக் குறைத்ததற்குக் காரணம் அதுவே. நல்ல வேளையாக எடையை நாணயத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், ஆகவே இது எந்த வகை என்று சொல்ல நிபுணர் வேண்டாம், கண் போதும். பியாஸ்தரில் பயம் வேறு இடத்தில் இருக்கிறது: அதன் போலிகள் சந்தையில் ஏராளம்.

நேரு வீதியில் பழக்கமான நகைக்கடையில் நூறில் ஒரு கிராம் காட்டும் தராசைக் கேட்டு வாங்கினோம். பியாஸ்தரில் எழுதியிருந்த எடை 27.215 கிராம். தராசு காட்டியது 27.11. நூற்றுச் சொச்சம் ஆண்டுப் பழமையான, கைமாறிப் புழங்கிய வெள்ளிக்கு அந்தத் தேய்மானம் இயல்பானது. பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுகும்படி பிடித்தோம். காட்டிய எண் 2.63, அது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் 10.3, நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளியும் மீதி செம்புமான உலோகத்துக்கு வர வேண்டிய அடர்த்தி இதுவே. வெள்ளி முலாம் பூசிய பித்தளையானால் ஒன்பதைக்கூட எட்டியிருக்காது. நல்ல வெள்ளியிலேயே வார்த்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அதற்குமேல் விளிம்பின் வரிப்பள்ளங்களையும் எழுத்தின் கூர்மையையும் பார்க்க வேண்டும், அதை அனுபவமுள்ளவர் பார்ப்பதே நல்லது. கடைக்காரர் நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரவா என்று அன்போடு கேட்டார். அண்ணன் தலையாட்டுவதற்குள் நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய நாணயம், காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த நாணயம் இரண்டுக்கும் வெளிநாட்டு நிறுவனமும் எண் தராமல் 'குறையுள்ளது' என்று எழுதிவிடும். வகை எவ்வளவு அரிதாக இருந்தாலும் விலை பெரிதும் இறங்கிவிடும்.

மூன்றாவது வழி ஏலம். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஆகிய ஊர்களில் நாணய ஏல நிறுவனங்கள் ஒழுங்காக நடக்கின்றன. அவற்றின் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் பார்க்கலாம் என்பதே எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தது. விற்பவர் கேட்கும் விலைகளை ஆயிரம் பார்த்தாலும் அவை ஆசைகள். ஏலத்தில் விழுந்த விலை நடந்த ஒன்று. ஏல நிறுவனம் தன் விவரப் பட்டியலில் வகை எண்ணைக் குறித்து அச்சிட்டால், அந்த ஒரு வரியே பல நேரம் சான்றுச் சீட்டின் வேலையைச் செய்துவிடுகிறது, ஏனென்றால் அதைப் படிப்பவர்கள் வகை வகையாகச் சேகரிப்பவர்கள். அரிய வகையின் விலை, எத்தனை நாணயம் மிஞ்சியிருக்கிறது என்பதைவிட, அந்த வகை தன்னிடம் இல்லையே என்று ஏங்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதைத்தான் பொறுத்தது. ஏங்குபவர் இருவர் ஒரே நாளில் ஒரே ஏலத்தில் இருந்தால் விலை எங்கோ போகும். ஒருவரே இருந்தால் தொடக்க விலையிலேயே நின்றுவிடும். காணொளிகளில் காட்டும் லட்சங்களெல்லாம் அப்படி இருவர் மோதிய நாளில் நிகழ்ந்தவையே, அதுவும் உண்மையாக நிகழ்ந்திருந்தால். இங்குள்ள இடர், விற்பவரிடம் பிடிக்கும் தரகுத் தொகையும், பணம் கைக்கு வரும் வரையான காத்திருப்பும், குறைந்தபட்ச விலையை எட்டாமல் நாணயம் திரும்பிவிட்டால் ஏற்படும் மனக்குறையும். விலை குறைந்த நாணயத்தைத் தனி இலக்கமாக, அதாவது தனியாக ஏலம் விடும் பொருளாக, எடுக்காமல் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தால் புள்ளிகளை யாரும் எண்ணப்போவதில்லை.

கடைசி வழி, வகையை நாமே கண்டறிந்து, நல்ல படங்களோடு நேரடியாகச் சேகரிப்பாளரிடம் விற்பது. செலவு இதில்தான் மிகக் குறைவு, உழைப்பு மிக அதிகம். நூலை எங்காவது பார்க்க வேண்டும். இருபக்கப் படத்தோடு வகையைக் காட்டும் இடத்தை மட்டும் பெரிதாக்கிய படமும் எடுக்க வேண்டும். எடை, விட்டம், வகை எண் ஆகியவற்றோடு நமக்கிருக்கும் ஐயத்தையும் எழுத வேண்டும். வகையறிந்து வாங்குபவருக்கு உறை ஒரு பொருட்டே அல்ல. சிலர் உறையை உடைத்து நாணயத்தைத் தம் தட்டில் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். உறைகளிலேயே போலி வந்துவிட்டதாக அந்த நிறுவனங்களே எச்சரிக்கும் காலத்தில், படத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கத் தெரிந்தவரிடம் விற்பது இருவருக்கும் நிம்மதி. சந்தையில் சொன்ன விலையைக் கேட்டு அண்ணன் கோபப்பட்டதும் நியாயமில்லை. வாங்குபவர் புள்ளியை எண்ணவில்லை, வெள்ளியை எண்ணினார். 1862 ரூபாய் 11.66 கிராம், அதில் தூய வெள்ளி 10.69 கிராம், 1944 ரூபாயில் வெள்ளி பாதிதான். அந்தக் கணக்கில் அவர் சொன்ன விலை சரியாகவே இருந்தது.

துட்டு இந்த நான்கு வழியிலும் அடங்காது. அதன் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். ஒவ்வோர் அச்சிலும் 'சே'யின் கொம்பு ஒரு மாதிரி, 'ரி'யின் சுழி ஒரு மாதிரி. இயந்திரத்தில் ஒரே தாய் அச்சிலிருந்து பிறந்த நாணயங்களில் வேறுபாடு அரிது, அதனால் அதற்கு விலை. கையால் வெட்டிய அச்சில் வேறுபாடே இயல்பு. அதை 'அரிய வகை' என்று கூடுதல் விலைக்கு விற்க வருபவரிடம், ஒரேபோல் இருக்கும் இரண்டு துட்டுகளைக் காட்டச் சொல்லலாம். அதற்கு நல்ல விலை கொடுக்கக்கூடிய பிரெஞ்சுக்காரச் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் நூறாண்டுச் சட்டம் அங்கும் குறுக்கே நிற்கிறது.

முடிவாக நாங்கள் செய்தது இது. துட்டு விற்பனைக்கு இல்லை. அண்ணி அதைப் பூசை அறைக்குக் கேட்டார், அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்கும் தோன்றவில்லை, துலக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன். 1944 ரூபாயின் 'எல்' எழுத்தைப் படமெடுத்து, சேகரிப்பாளர் ஒருவருக்கு நேரடியாகக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். பியாஸ்தரை உள்நாட்டிலேயே படத்தோடு கூடிய உண்மைத்தன்மைக் கருத்து வாங்கிய பின் ஏலத்துக்கு அனுப்புகிறோம். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பொருள் என்ற குறிப்பும் அதற்கு ஒரு சிறு மதிப்பைச் சேர்க்கும். 1862 ரூபாயும் ஏலத்துக்கே போகிறது, தனி இலக்கமாக எடுப்பதாக எழுதித் தந்தால் மட்டும். விவரக் குறிப்பில் மூன்றாவது புள்ளி உண்டு என்று எழுத வேண்டும் என அண்ணன் நின்றார். 'கீழே இரண்டு புள்ளி தெளிவு, மூன்றாவது ஐயம், படம் காண்க' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாள் உறையில் தனித்தனியாகப் போட்டு, எடையையும் பார்த்த தேதியையும் உறை மேல் பென்சிலால் குறித்து வைத்தாயிற்று. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்த அந்த மாத்திரை டப்பாவை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.